உயிரோடிருந்த குளத்துக்குப் பாடை கட்டினோம்

அப்பு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த நோட்டீஸும் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தன. கடிதத்தை ஒரு தரம் படித்தேன். நோட்டீஸை மூன்று தரம் படித்தேன். ‘நம் குளத்துக்குக் கண்ணீர் அஞ்சலி, மாணவ மாணவியரின் ஒப்பாரி ஊர்வலம்’ என்று மேலே கொட்டை எழுத்து. தலைமை தாங்குவது உன் தாய்மாமன். மைக்செட்டும் பந்தலும் உபயம், உங்கள் ஊர் அரிசி ஆலைக்காரர். ‘மாமா சொல்லித்தாம்மா தெரியும், சின்ன வயசுல ஊரையே கூட்டி நீ குளத்துக்கு எழவு கொண்டாடுனியாமே, மாமா சொல்லச் சொல்ல எனக்கும் எங்க ஹெட்மாஸ்டருக்கும் வயிறு வலிச்சுப்போச்சு’ என்று எழுதியிருக்கிறாய். நீ ஓவிய வாத்தியாராகப் பழனிப் பக்கம் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் ஊர்க் குளத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாய். பெற்றவளுக்கு அதில் பெருமைதான். ஆனால் என் கதையை என் அண்ணன் வாயால் கேட்டுச் சிரித்தாய் பார், அது எனக்கு மீன்முள் மாதிரி நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உன் மாமா சொன்னது பொய்யில்லை. சிரிப்பு வருகிற இடம் வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கிறார். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

நீ பார்த்த அம்மா வாயைத் திறக்காதவள். பாத்திரம் விழுந்தாலும் சத்தம் போடாமல் எடுத்து வைக்கிறவள். பதினாறு வயதில் நான் அப்படி இல்லை. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே நம் ஊரில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. எதற்கெடுத்தாலும் ஒப்பாரி கட்டுவேன். செத்தவர்களுக்கு இல்லை, உயிரோடு இருக்கிறவர்களுக்கும் உயிரே இல்லாததற்கும். பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பிரம்பு உடைந்த அன்று வாசலில் உட்கார்ந்து தலையை விரித்துப்போட்டுப் பாடினேன்:

‘வாத்தியாரு கை வளத்த வாழைக்குருத்தே – எங்க
முதுகெல்லாம் எழுதிப்போட்ட மூங்கிக்குருத்தே
ஒடைஞ்சுதான் போனியோ எங்கள விட்டு – எங்க
ஒடம்பெல்லாம் தேறிருச்சே வீக்கம் விட்டு!’

வாத்தியாரே திரும்பிக்கொண்டு சிரித்தார். அண்ணனுடைய சைக்கிள் டயர் வெடித்ததற்கு ஒன்று, மாமன் மகனுக்கு மீசை முளைக்காமல் போனதற்கு ஒன்று. என் அய்யாவுக்கு மட்டும் பிடிக்காது. “உசுரோட இருக்கறதுக்கெல்லாம் ஒப்பாரி வைக்காதடி மூதேவி, எங்கயாச்சும் பலிச்சிரப்போகுது” என்று விறகுக்கட்டையைத் தூக்குவார். குறுக்கே விழுந்து தடுப்பது என் அண்ணன்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். நான் எதைப் பாடினாலும் முதலில் அவனிடம்தான் பாடிக் காட்டுவேன். அவன் சிரித்தால் ஊர் சிரிக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு.

நயா பைசா புதிதாக வந்து சந்தையில் எல்லோரும் சில்லறையை வைத்துக்கொண்டு முழித்த சமயம் அது. அதற்கு முந்தின வருஷம் நம் ஊருக்கு மேற்கே, ஓடை மேட்டில் ஒரு வெளியூர் முதலாளி தோல்ஷாப்பு போட்டார். ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரில் தோலை ஊறப்போட்டுக் கழுவுவார்கள். கழுவின தண்ணீரை ஓடையில் விடுவார்கள். ஓடை நம் குளத்துக்கு வரும். குளத்தங்கரையில்தான் ஊருக்கே இருந்த ஒரே நல்ல தண்ணிக் கிணறு. முதல் மழைக்கு வந்த தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. கொஞ்ச நாளில் கெளுத்தியும் கெண்டையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அய்யாவின் மல்லிகைத் தோட்டத்தில் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது. கிணற்றுத் தண்ணீர் மட்டும் இன்னும் குடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் கொதிக்க வைத்தால் ஒரு வாடை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தடவை மனு எழுதிக்கொண்டு திண்டுக்கல் போனார்கள். ‘விசாரிக்கப்படும்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, அப்பு. கழிவுத் தண்ணீரை அவர்கள் நிலத்திலேயே குழி வெட்டித் தேக்கிக்கொள்ள வேண்டும். ஓடையை விட்டுவிட வேண்டும். அதைச் செய்தால் அடுத்த மழையில் குளம் தேறிவிடும், கிணறு தப்பித்துவிடும். அவ்வளவுதான்.

யோசனை என் அண்ணனுடையது. “ஏ புள்ள, பெரம்புக்கும் டயருக்கும் பாடுறியே, ஒரு நாளைக்காச்சும் அந்த ஒப்பாரிய உருப்படியான எடத்துல வையி. கொளத்துக்கு எழவு கொண்டாடுவோம். பாடை கட்டி நேரா தோல்ஷாப்பு வாசல்ல எறக்குவோம். மொதலாளி மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்கிறாருன்னு பாப்போம்” என்றான். எனக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. நான்கு நாள் அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டே பாட்டுக் கட்டினேன். குழம்பு தீய்ந்தது, அம்மா கரண்டியால் போட்டாள், நான் அந்த அடிக்கும் ஓர் அடி சேர்த்துக்கொண்டேன். அண்ணன் சைக்கிளில் சுற்றுப்பட்டு ஐந்து ஊருக்கும் கேதம் சொல்லிவிட்டு வந்தான். “பெரியவுக தவறிட்டாக, வெள்ளிக்கெழம உச்சிக்கு எடுக்கிறோம்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வானாம். யார் என்று பதறிக் கேட்டால், “கொளத்து ஆத்தா” என்பானாம். சிரித்தவர்கள் பாதி, துடைப்பத்தை எடுத்தவர்கள் பாதி. ஆனால் வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்துவிட்டார்கள். உன் மாமா உனக்குச் சொல்லிச் சிரித்தது இதுவரைக்கும்தான், இல்லையா?

மூங்கிலில் பாடை. அதன் மேல் வாழைத்தண்டை ஆள் நீளத்துக்கு வைத்து, செத்த மீன்களைக் கோர்த்து மாலையாகப் போட்டிருந்தோம். பையன்கள் மண்ணெண்ணெய் டின்னில் கொட்டடித்தார்கள். தோல்ஷாப்பு வாசலில் இறக்கியதும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். நான் எடுத்தேன்:

‘கெண்ட வெளையாடும் கண்ணான கொளத்தாயி
தோல் கழுவும் தண்ணி குடிச்சுத் தொண்ட அடச்சாயோ
ஆவாரம் பட்ட போட்டு அவுக தோலு செவப்பாச்சு – எங்க
ஆத்தா மொகம் மட்டும் அந்தத் தண்ணியில கருப்பாச்சு!’

முதல் இரண்டு சுற்றுக்குப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது சுற்றில் என் பக்கத்தில் இருந்த அம்மா நிஜமாகவே தேம்பினாள். அடுத்தவள் அழுதாள். அப்புறம் யாரும் விளையாடவில்லை. ஒப்பாரிக்கு அப்படி ஒரு குணம் உண்டு. விளையாட்டுக்கென்று எடுத்தாலும் அது உள்ளே போய்ப் பழைய துக்கத்தையெல்லாம் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடும். தோல்ஷாப்பு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இரண்டு பேர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் ஒரு பாட்டு மிச்சம் இருந்தது. கூட்டம் கனிந்த பிறகு முதலாளி முகத்துக்கு நேரே போடுவதற்கென்று வைத்திருந்தது:

‘மாட்டுக்குத் தோலுரிக்க ஆளு அம்பு வேணுமாச்சு – எங்க
ஊருக்குத் தோலுரிக்க ஒத்த வாய்க்கா போதுமாச்சு!’

கதவு திறந்தது. முதலாளி வந்தார். கோபமாக வருவார், ஆட்களை ஏவுவார், அப்போது போடலாம் என்று நான் தயாராக நின்றேன். அவர் செருப்பில்லாமல் வந்தார். தோளில் துண்டு இல்லை. ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் புதுக் கோடித் துணி. நேராகப் பாடையிடம் வந்து மாலையைப் போட்டார், கோடியை விரித்துப் போர்த்தினார், ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார். பிறகு ஆம்பளைகள் நிற்கிற பக்கம் திரும்பி, கேதம் கேட்க வந்தவர்கள் செய்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினார்.

அப்பு, இந்த இடத்தை நீ நிதானமாகப் படி. நம் பக்கத்தில் எழவு வீட்டுக்கு வந்தவன் கையை நீட்டினால் அதைத் தொடாமல் விடுகிற வழக்கம் கிடையாது. வெட்டுப்பகையாக இருந்தாலும் தொட்டே ஆக வேண்டும். தொட்ட பிறகு அன்றைக்கு அவனிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லக் கூடாது. முன்வரிசையில் நின்றது என் அய்யா. மல்லிகை கருகிப் போய் நின்ற மனுஷன். அவர் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. தொட்ட பிறகுதான் முகம் மாறியது. அதற்குள் பின்னால் நின்றவர்களும் வரிசையாகத் தொட்டுவிட்டார்கள். மனு எழுதிக்கொண்டு போனவர்களும் தொட்டார்கள். சண்டை போட வந்த ஊர், பத்தே நிமிஷத்தில் துக்க வீடாகிவிட்டது. அவர் துக்கத்துக்கு வந்த பெரிய மனிதர் ஆகிவிட்டார். “ஆத்தா நல்ல சாவு. பதினாறாம் நாள் சாப்பாடு என் பொறுப்பு” என்றார். தோல்ஷாப்பு வாசலில், அவருடைய வாயால், நம் குளத்துக்கு நல்ல சாவு!

நான் அப்போதும் அந்த இரண்டு வரியைப் போட்டிருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அவர் என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவா, சுண்ணாம்புக் காரமா, எனக்குத் தெரியாது. “இந்தப் பாப்பாவா பாடுனது? எங்க சாதி சனத்துல இப்படிப் பாடி நான் கேட்டதில்ல. இன்னொரு தரம் பாடும்மா” என்றார். நான் பாடினேன். முன்னே பாடியதைவிட நன்றாகப் பாடினேன். குரலை இழுத்து, நிறுத்தி, அழகாக. வைத்திருந்த பாட்டை விழுங்கிவிட்டேன். ஒரு பணக்காரர் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கிற சுகத்துக்காக. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும்.

அண்ணன் அதிகம் பேச விடவில்லை. “நேரமாச்சு, எடுத்துருவோம், எடுத்துருவோம்” என்று பாடையைத் தூக்க வைத்தான். குளத்தங்கரையில் குழி வெட்டிப் புதைத்தோம். குடம் உடைத்தோம். பெண்கள் ஓர் ஊர் தள்ளிப் போய்த் தலை முழுகினார்கள். மறுநாள் காலையில் நல்ல தண்ணிக் கிணற்றில் ஒரு குடம் கூட இறங்கவில்லை. யாரும் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அழுதுவிட்டு வந்த இடம். காரியம் நடந்த கரை. எப்படி மொள்வது? என் அம்மா ஒரு மைல் தள்ளி இருந்த பம்புசெட் கிணற்றுக்கு நடந்தாள். ஊரே நடந்தது. மூன்று வாரம் கழித்து மனுவை விசாரிக்க நிஜமாகவே ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். கிணற்றடியில் பாசி படிந்த கயிறு. “இதுல யாரு தண்ணி எடுக்கிறீங்க?” என்று கேட்டார். தோல்ஷாப்பு முதலாளி மட்டும் பணிவாகச் சொன்னார்: “ஊர்க்காரங்களே காரியம் பண்ணி முடிச்சிட்டாங்கய்யா. நானும் வந்திருந்தேன்.” உபயோகத்தில் இல்லாத குளம் என்று ஆபீசர் எழுதிக்கொண்டு போனார். ஓடை தோல்ஷாப்புக்கே ஆனது. உயிர் இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டோம், அப்பு. மூடியது என் பாட்டு.

முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். தீபாவளி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மாவும் நானும் திண்டுக்கல்லில் நாகல் நகர் போனோம். நாங்கள் வழக்கமாகப் போகிற கடை. கடைக்காரர் சீட்டித் துணியைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, ஒங்க வீட்ல யாருக்கு என்ன ஆச்சு? ஒன் அண்ணன் ஒரு வியாழக்கெழம வந்து ஒசந்த கோடியாப் பாத்து எடுத்துட்டுப் போனானே. பெரிய மொதலாளிக்குன்னான். நானும் கேக்க மறந்துட்டேன்.” அம்மா காதில் விழவில்லை, அவள் பாவாடைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பாடை கட்டியது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமையே கோடி எடுத்தாகிவிட்டது. எடுத்தது என் அண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டு வா, துண்டை எடுத்துவிடு, முதல் கையை எங்கள் அய்யாவிடம் நீட்டு என்று சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். நம் வழக்கம் தெரியாத ஒருவருக்கு நம் வீட்டு ஆளே வழக்கத்தைப் பாடம் எடுத்திருக்கிறான். நாங்கள் துணி எடுக்கப் போனதற்கு ஒரு மாதம் முன்புதான் அவன் தோல்ஷாப்பில் மேஸ்திரியாகச் சேர்ந்திருந்தான். ‘நல்ல வேல, நம்ம புள்ளைக்கு’ என்று ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான்.

திரும்பி வந்து தொழுவத்தில் அவனைப் பிடித்தேன். “கோடி எடுத்தது நீயாண்ணே?” என்றேன். மறைக்கவில்லை. மாட்டுக்குத் தவிட்டைக் கலக்கிக்கொண்டே, “ஆமா” என்றான். “மண்ணுல நின்னு நானும் அய்யா மாதிரியே காஞ்சு போகணுமா? ஒனக்குக் கல்யாணம் பண்ண வேணாமா? அந்தத் தண்ணி எப்பிடியும் போயிருக்கும் புள்ள. போறதுல ஒரு வேலைய வாங்கிக்கிட்டேன்.” “என்னைப் பாட வச்சியே!” என்றேன். அவன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான். “நான் வச்சேன், சரி. ரெண்டாந்தடவ யாருக்குப் பாடுன? அத நானா சொன்னேன்?” என்றான்.

அதோடு என் வாய் அடைத்துவிட்டது. அவன் செய்தது துரோகம். ஆனால் என்னை ஊமையாக்கியது அந்தக் கேள்வி. அவன் தோலுக்குப் பதம் போடக் கற்றுக்கொண்டான். நான் சொல்லுக்குப் பதம் போடுவதை விட்டுவிட்டேன். மறுவருஷம் ஊர்ப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்தபோது கரைக்கத் தண்ணீர் இல்லாமல், பம்புசெட் தொட்டியில் வரிசையில் நின்று கரைத்தோம். கும்மிப் பாட்டு பாதியில் நின்றுபோனது. தொட்டியைச் சுற்றி ஐந்து பேர் நிற்கத்தான் இடம். அறுபத்து மூன்றாம் வருஷமோ நாலோ, என் அம்மா செத்தபோது ஊர்ப் பெண்களெல்லாம் என் வாயையே பார்த்தார்கள். “ஒரு வார்த்த சொல்லி அழு தாயி” என்று அண்ணனே வந்து கேட்டான். எனக்கு வரவில்லை. அவனிடம் பேசுவதை நான் நிறுத்தியது அன்றைக்குத்தான். உனக்குச் சொத்துத் தகராறு என்று சொல்லி வைத்திருந்தேன். சண்டைக்குக் காரணம் சொத்து என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

இப்போது உன் நோட்டீஸுக்கு வருகிறேன். பாட்டாலும் படத்தாலும் ஊரைக் கூட்ட முடியாது என்று நான் சொல்லவே மாட்டேன். மனு கூட்டாத ஊரை என் ஒப்பாரி ஒரே நாளில் கூட்டியது, நானே பார்த்தேன். கூட்டிய ஊரிடம் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழ வைத்து அனுப்பினால் மனசு லேசாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்கள் குளத்தில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, பிள்ளைகள் குதித்து விளையாடுகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் என்ன அஞ்சலி? தண்ணீர் இல்லாமல் நடத்தவே முடியாத ஒன்றைச் செய். உன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் முளைப்பாரி போட்டுக் கொண்டுபோய்க் கும்மியடித்துக் கரைக்கட்டும்; வருஷா வருஷம் கரைக்கத் தண்ணீர் எங்கே என்று அவர்களுடைய அம்மாக்கள் கேட்பார்கள், உன்னைவிட நன்றாகக் கேட்பார்கள். நீ படம் போடுகிறவன். குளத்துக்கு இந்த மாதம் வந்த கொக்கையும் நாரையையும் பிள்ளைகளை விட்டு ரோட்டோரச் சுவரில் வரையச் சொல். அடுத்த மாதம் வராததை வெள்ளையடித்து அழிக்கச் சொல். போகிற வருகிறவன் காலி இடத்தைப் பார்த்துக் கேட்கட்டும். மைக்செட் உபயதாரரின் ஆலைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று போய்ப் பார்த்துவிட்டாயா? பார்த்துவிட்டுப் பந்தல் போடு. கும்மிக்கு மைக் வேண்டாம். உன்னைப் பாராட்ட ஒருவர் கையைப் பிடிக்கும்போது ரொம்ப இனிக்கும், அப்பு. அந்த இனிப்பை நம்பாதே, நான் நம்பினேன்.

மாமாவை வரவேண்டாம் என்று சொல்லாதே. உன் தாய்மாமன், உனக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர். கறி எடுத்துச் சமைத்து இலை போடு. ஆனால் குளத்தங்கரையில் அவர் தலைமை தாங்க வேண்டாம். ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு. அவர் மறுக்க மாட்டார். பொய் சொல்லத் தெரியாத துரோகி அவர்.

கும்மிக்குப் பாட்டு வேண்டும் என்று கேட்பாய். ஏட்டில் எழுதி அனுப்பினால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சந்தம் பிடிபடாது, ‘ஏனுங்க சார், இது எப்படிங்க’ என்று உன்னைக் குழப்பிவிடும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு நானே வாரேன். தொண்டை எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நேற்று சாயங்காலம் பின்வாசலில் நின்று இரண்டு வரி எடுத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டி, “யாருக்கு என்னக்கா ஆச்சு?” என்று பதறிக் கேட்டாள். “யாருக்கும் ஒண்ணும் ஆகல, போய்ச் சோத்த வடி” என்றேன்.

உன்
அம்மா